நாற்பத்தைந்தில் நின்ற குமிழ்

ரெக்கார்டு பிளேயரின் வேகக் குமிழ் நாற்பத்தைந்தில் நின்றது.

கையில் துடைக்கும் துணியோடு மார்லீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய ரெக்கார்டு என்றால் நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்று, சின்ன ரெக்கார்டு என்றால் நாற்பத்தைந்து. மூக்கு ஒழுகுகிற வயசிலேயே எல்லோருக்கும் தெரிகிற சங்கதி. நேற்று மத்தியானம் முழுக்க அவள் சின்ன ரெக்கார்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம், கடை முதலாளியும் அவருடைய கூட்டாளிகளும் வாயைப் பிளந்து கேட்ட அந்த ஒரு ரெக்கார்டு மட்டும் பெரியது. அதற்கு முன்னால் குமிழைத் திருப்ப மறந்துவிட்டாள்.

பாடுகிறவன் ஒருவன் இருந்திருந்தால் முதல் வரியிலேயே அணில் மாதிரி கீச்சிட்டுக் காட்டிக் கொடுத்திருப்பான். ஆனால் கடலில் பலகை ஏறி அலைச்சறுக்குகிற பையன்களின் சர்ஃப் இசையில் பாடகனுக்கு என்ன வேலை? கிட்டார் இருக்கும், டிரம்ஸ் இருக்கும், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி எக்கோ இருக்கும். எந்த வேகத்தில் ஓடினாலும் வாய் திறந்து புகார் சொல்ல அதில் ஆளே கிடையாது.

“இது கை இல்லடா, படகு மோட்டார்,” என்று நேற்று ஒருவர் சொன்னார்.

“கலிஃபோர்னியாவிலேயே வேகமான கை,” என்று முதலாளி டுவைட் தீர்ப்பே எழுதிவிட்டார்.

அவர் தீர்ப்பு எழுதினால் சாதாரணமில்லை. கோஸ்டா மேசாவில், கடலுக்குப் போகிற சாலையில் இருந்தது அவருடைய ரெக்கார்டுக் கடை. மறந்துபோன சர்ஃப் ரெக்கார்டுகளிலிருந்து பொறுக்கியெடுத்து ஒரு தொகுப்பு ரெக்கார்டு போட ஆறு மாதமாகத் திட்டம். பொறுக்குகிற குழுவில் டுவைட்டும் மூன்று கிழட்டுக் கூட்டாளிகளும். அதில் இரண்டு பேருக்கு நீச்சலே தெரியாது. ரெக்கார்டு உறையை மோந்து பார்த்தே எந்த வருஷம் என்று சொல்வதாக ஒருவருக்குப் பெருமை வேறு. வேலைக்குச் சேர்ந்த வாரமே மார்லீன் கேட்டாள், தானும் தேடலாமா என்று. நாலு பேரும் சிரித்தார்கள்.

“நாங்க கேட்காத ஒரு ரெக்கார்டைக் கொண்டு வா பாப்பா. பின்னட்டையில உன் பேரைப் போடறேன்,” என்றார் டுவைட்.

அன்றிலிருந்து லீவு நாளெல்லாம் சந்தை, கராஜ் விற்பனை, சர்ச் விற்பனை என்று அலைந்தாள். அனஹைமில் ஒரு சர்ச் வாசலில், கிறிஸ்துமஸ் பாட்டு ரெக்கார்டுகளுக்கு நடுவே அகப்பட்டது அது. ‘த கெல்ப் கட்டர்ஸ்’ என்ற குழுவின் ரெக்கார்டு. அட்டையில் ஒரே மாதிரி கோட்டுப் போட்ட நாலு பையன்கள் சர்ஃப் பலகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அறுபத்து மூன்றாம் வருஷம் வந்தது, இருபது வருஷப் பழசு. டுவைட் கேள்விப்பட்டதே இல்லை.

வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. அப்பா அதை வேறு மாதிரி சொல்வார்: “நான் ஹோட்டல்ல தட்டு கழுவினேன். என் பொண்ணு காலேஜ் முடிச்சிட்டுக் கடையில இசைத்தட்டு துடைக்கிறா.” பெயர் அச்சில் வரப்போகிறது என்றதும் அந்த வாய் மூடிக்கொண்டது. அம்மாவோ அதற்குள் சர்ச்சுக்காரர்கள் ஒருவரை விடாமல் போன் பண்ணிச் சொல்லிவிட்டாள்.

மத்தியானம் டுவைட் சாப்பிடப் போனதும் குமிழை முப்பத்து மூன்றுக்குத் திருப்பி ரெக்கார்டைப் போட்டாள். லேபிளிலும் முப்பத்து மூன்று என்றே அச்சாகியிருந்தது. படகு மோட்டார் போய்விட்டது. மப்பில் வீடு திரும்புகிறவன் சாவித் துவாரம் தேடுவது போல கிட்டார் தடவித் தடவி வந்தது. சுவரில் தொங்கிய விற்பனைக் கிட்டாரின் தடித்த கம்பியைத் தட்டிப் பார்த்தாள். ரெக்கார்டில் வந்த சத்தம், கிட்டாரிலேயே மிகக் கீழான அந்த ஸ்வரத்துக்கும் கீழே போயிற்று. ஏதோ விசேஷமான கிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். விசேஷமோ இல்லையோ, இதைக் கேட்டால் டுவைட் பின்னட்டையில் பெயர் போட மாட்டார். கொட்டாவிதான் விடுவார்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

“டுவைட், நேத்துப் போட்ட ரெக்கார்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும்.”

“நான் சொல்றேன், நீ கேளு பாப்பா.” அவர் பல் குத்தியபடியே ஸ்டூலில் உட்கார்ந்தார். “அந்த வேகம் எங்கேயிருந்து வருதுன்னு உனக்குப் பிடிபட்டிருக்காது. முழங்கையில இல்ல, மணிக்கட்டுல. பசிபிக்ல நாள் பூரா பலகையில படுத்துக் கையால துழாவினவனுக்குத்தான் அந்த மணிக்கட்டு அமையும்.”

“இல்ல, அந்தக் குமிழ்...”

“எக்கோ குமிழைத்தானே சொல்ற? அதை எந்த மடையனும் திருப்புவான். வேகம் பிறவியிலேயே வரணும். பொம்பளைங்க காதுக்கு அது எட்டாது. அது உன் தப்பில்ல.”

உண்மை அவள் தொண்டை வரை வந்தது. இந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் திரும்பிப் போய் வயிற்றில் உட்கார்ந்துகொண்டது. ‘எட்டாத காது எனக்கா, உனக்கா? கிட.’

“ரெக்கார்டு லேசா வளையுது. இனிமே அதைப் போட வேண்டாம், நான் வீட்டுல பத்திரமா வெச்சுக்கறேன். அதைத்தான் சொல்ல வந்தேன்,” என்றாள். யாரும் மறுபடி போட்டுப் பார்க்காமல் இருந்தால் போதும்.

“புத்திசாலி,” என்றார் டுவைட். “அப்போ வளையறதுக்குள்ள ஒரு கேசட்ல பதிவு பண்ணு. ரேடியோக்காரனுக்குக் கொடுக்கறதா வாக்குக் கொடுத்துட்டேன்.”

கேசட்டில் முப்பத்து மூன்றில் பதிந்தால் குட்டு உடையும். பல்லைக் கடித்துக்கொண்டு, தன் கையாலேயே, தெரிந்தே, குமிழை நாற்பத்தைந்துக்குத் திருப்பினாள். நேற்று வரை அது மறதி. இன்றிலிருந்து மோசடி.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் போட்டார்கள். கேட்டவர்கள் போன் பண்ணிப் பண்ணி அதையே திரும்பப் போடச் சொன்னார்கள். திங்கட்கிழமை கடை திறக்கும்போது வாசலில் கிட்டாரும் கையுமாகப் பையன்கள். புதன்கிழமை அதே பையன்கள் மணிக்கட்டில் கட்டோடு வந்தார்கள். அந்த வேகத்தில் வாசிக்கப் பார்த்துச் சுளுக்கிக்கொண்டதாம். வழி காட்டுகிறேன் பார் என்று டுவைட் கடை நடுவில் கிட்டாரை மாட்டிக்கொண்டு வாசித்துக் காட்டினார். பாதிப் பாட்டில் ‘அம்மா’ என்றார். அதற்கப்புறம் அவர் வலது கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கியது.

“இப்பவாவது புரியுதா, எப்பேர்ப்பட்ட கைன்னு?” என்றார், வலியிலும் பெருமையாக.

இதை இங்கேயே நிறுத்தியாக வேண்டும். மார்லீன் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள்.

“வாசிச்சவங்க சம்மதம் இல்லாம தொகுப்புல போட முடியாது டுவைட். கேஸ் போட்டுடுவாங்க. ஆளுங்க எங்க இருக்காங்கன்னே தெரியல. பேசாம விட்டுடலாம். வேற ரெக்கார்டு தேடறேன்.”

“நல்லா ஞாபகப்படுத்தின,” என்றார் டுவைட். ரேடியோவில் ஒரு அறிவிப்பு கொடுத்தார்: கெல்ப் கட்டர்ஸ் எங்கிருந்தாலும் கடைக்குப் போன் செய்யவும்.

மறுநாளே போன் வந்தது. எடுத்தது மார்லீன்.

“வெர்ன் டட்டில் பேசறேன். ஆக்ஸ்நார்டுலேருந்து. கெல்ப் கட்டர்ஸ்ல கிட்டார் நான்தான்.” கரகரத்த குரல். “ரேடியோவுல கேட்டேன். அந்த கேசட்டைப் பதிவு பண்ணினது யாரு?”

“ஏங்க?”

“அந்த ஆளை நான் நேர்ல பார்க்கணும்.”

“கடை ரொம்பச் சின்னதுங்க. வண்டி நிறுத்த இடமே இருக்காது. இவ்வளவு தூரம் எதுக்கு உங்களுக்குச் சிரமம்?”

“இடத்தைப் பத்திக் கவலைப்படாத. எங்க டிரம்மர் கிளெட்டஸ், ரிப்பேரான வண்டியைத் தூக்கற லாரி வெச்சிருக்கான். எதையாவது தூக்கிட்டு அந்த இடத்துல நிறுத்திக்குவான்.”

“அவரும் வராரா?”

“நாலு பேருமே வரோம். இருபது வருஷமா எங்களுக்கு வயித்தெரிச்சல். சனிக்கிழமை வரோம். அந்த ஆளை எங்கேயும் போக வேண்டாம்னு சொல்லு.”

சனிக்கிழமை கடை கொள்ளவில்லை. கட்டுப் போட்ட பையன்கள் வந்தார்கள், ரேடியோக்காரர் வந்தார், மோந்து பார்க்கிறவர் தலைமையில் கூட்டாளிகள் வந்தார்கள். மார்லீனின் அம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடுகிற உடுப்பில், ஒரு பானை நிறைய தமாலே என்கிற மெக்சிகோக் கொழுக்கட்டையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

“மகளே, உன் பேரை எங்க போடுவாங்க? மேலயா கீழயா?”

“அம்மா, வீட்டுக்குப் போயேன்.”

“பானை காலியாகாம எப்படிப் போறது?”

லாரி வந்து நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். அட்டையில் இருந்த அதே நாலு பேர்தான், இடையில் வயிறு மட்டும் சேர்ந்திருந்தது. கிளெட்டஸ் குனிந்துதான் கதவுக்குள் நுழைந்தார். அவருடைய ஒவ்வொரு கையும் மார்லீனின் இடுப்பளவு இருந்தது. ஒன்றும் பேசாமல் பானைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அம்மா ஒரு தமாலேயைப் பிரித்துக் கையில் கொடுத்தாள்.

வெர்ன் கடையைச் சுற்றிப் பார்த்தார். “அதைப் பதிவு பண்ணினது யாரு?”

மார்லீன் வாயைத் திறப்பதற்குள் டுவைட் தூளிக் கையோடு முன்னால் வந்தார்.

“நான்தான் சார். கண்டெடுத்தது, கேட்டுத் தேர்ந்தெடுத்தது, ரேடியோவுக்குக் கொடுத்தது எல்லாம் நம்ம காதுதான். தொகுப்போட பின்னட்டையில என் பேர்தான் வருது.”

அம்மா மார்லீனைப் பார்த்தாள். கூட்டாளிகள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். வெயிலில் அலைந்து, சர்ச் வாசலில் மண்டி போட்டுப் பெட்டி பெட்டியாகத் துழாவியது எவள் என்று அத்தனை பேருக்கும் தெரியும்.

அந்த நிமிஷம் மார்லீனுக்குப் பயம் போய்விட்டது. நேராக ரெக்கார்டு பிளேயரிடம் போனாள்.

“அப்போ இதையும் நீங்களே கண்டுபிடிச்சதா வெச்சுக்கங்க, டுவைட்.” பையிலிருந்து ரெக்கார்டை எடுத்து வைத்தாள். “ரெக்கார்டு வளையவே இல்ல. நான் பொய் சொன்னேன். இது பெரிய ரெக்கார்டு. நான் நாற்பத்தஞ்சுல போட்டுட்டேன். நீங்க நாலு பேரும் அதைக் கேட்டுத்தான் படகு மோட்டார்னு உருகினீங்க. கேசட்டும் அதே வேகத்துல பதிஞ்சதுதான். இதுதான் நிஜம்.”

குமிழை முப்பத்து மூன்றுக்குத் திருப்பி ஊசியை இறக்கினாள்.

மப்பில் வந்தவன் மறுபடி சாவித் துவாரம் தேடினான். ஒரு பையன் தன் மணிக்கட்டுக் கட்டைக் குனிந்து பார்த்தான்.

முதலில் வாய் திறந்தவர் டுவைட். “எனக்கு அன்னைக்கே சந்தேகம். இந்த வேகத்துல ஏதோ பொய் இருக்குன்னு சொன்னேன்ல?”

“சொன்னே, சொன்னே,” என்றார்கள் கூட்டாளிகள்.

“அப்போ உன் கை எதுல சுளுக்கிச்சு, சந்தேகத்துலயா?” என்றாள் அம்மா.

டுவைட் அதைக் காதில் வாங்காமல் வெர்ன் பக்கம் திரும்பினார். “மன்னிக்கணும் சார். உங்க இசையைக் கெடுத்தது இந்தப் பொண்ணு. தேடினது, போட்டது, பதிவு பண்ணினது எல்லாம் இவதான். எனக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. வேணும்னா எழுதியே தரேன்.”

“எல்லாம் இவதான்?” என்றார் வெர்ன்.

“எல்லாமே.”

“இத்தனை பேர் முன்னால சொல்றீங்க.”

“கூரை மேல ஏறிச் சொல்வேன்.”

வெர்ன் மார்லீனை நோக்கி நடந்தார். அவள் பிளேயரை ஒட்டியே நின்றாள். அடி விழுந்தாலும் சரி, ஓடுவதாக இல்லை. அவர் அவளைத் தாண்டிக் கையை நீட்டி, குமிழை நாற்பத்தைந்துக்குத் திருப்பினார். படகு மோட்டார் சீறிக்கொண்டு கிளம்பியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலது கை தொடைமேல் தானாகவே அடிக்க ஆரம்பித்தது, ரெக்கார்டோடு ஒரு தட்டுக்கூடப் பிசகாமல், அதே வேகத்தில்.

கிளெட்டஸ் தமாலே ஒட்டிய விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றிவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

“நாங்க வேகமா வாசிச்சது பெரிய ரெக்கார்டு ரெண்டு பக்கத்துக்கும் போதலைன்னு கம்பெனிக்காரன் வேகத்தைக் குறைச்சு, இழுத்து இழுத்து முப்பத்து மூணுல அடிச்சு வித்துட்டாம்மா, இருபது வருஷத்துல எங்க ரெக்கார்டைச் சரியான வேகத்துல போட்டவ நீ ஒருத்திதான்.”