தனிமை போதவில்லை

நாடகத்தில் போதிய அளவு துயரம் இருந்தால்தான் அரசு மானியம் தரும். இது எங்கள் பாரிஸ் நகரத்து நியாயம். நியாயம்தானே, சிரிக்கிறவனுக்கு எதற்குப் பணம்? போன வருடம் எங்கள் குட்டி அரங்கில் இரண்டு பேர் வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லை என்று விடாமல் புலம்பினார்கள். "இருவர் உரையாடுகிறபடியால் தனிமை போதவில்லை" என்று கையை விரித்துவிட்டார் கலைத்துறை ஆய்வாளர் கெர்வெல். இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் அரங்கைக் குளியல்தொட்டி வியாபாரிக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

எங்கள் இயக்குநர் ஃபுல்ஜான்ஸ் மூளையைக் கசக்கிப் புதிதாக ஒரு நாடகம் எழுதினார். மேடையில் ஒரு கனத்த மர அலமாரி. அதற்குள் ஒரு மனிதன். கடைசியில் வெளியே வந்து, "யாருமில்லை" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போவான். அவ்வளவுதான் நாடகம். அலமாரிக்குள் ஒனொரே. நல்ல நடிகன், சாப்பாட்டு ராமன். என் பெயர் ஓடில், அங்கே டிக்கெட் கிழிக்கிறவள். என்னை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

ஆய்வாளர் வந்த அன்று பார்த்து அலமாரிப் பூட்டு இறுகிக்கொண்டது.

நேரம் தாண்டியும் ஒனொரே வரவில்லை. முடிந்தது போலிருக்கிறது என்று ஜனங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். உள்ளேயிருந்து டொக், டொக், டொக் என்று தட்டினான். அங்கேதான் வந்தது வினை. எங்கள் ஊரில் மூன்று தட்டு கேட்டால் நாடகம் ஆரம்பம். பாதி இருமலைக்கூட விழுங்கிவிட்டு நிமிர்ந்து உட்காருவான் பாரிஸ்காரன். அத்தனை பேரும் பதறியடித்து உட்கார்ந்தார்கள்.

"பூட்டு மாட்டிக்கிச்சு! யாராவது திறங்களேன்!"

"ஆகா, என்ன தத்ரூபம்!" என்றாள் முன்வரிசை அம்மாள்.

"தத்ரூபமாவது மண்ணாங்கட்டியாவது! ஒண்ணுக்கு முட்டுது, பாவிங்களா!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினேன். கெர்வெல் குறுக்கே கையை நீட்டினார்.

"அம்மணி, தங்கள் உதவி அனுமதிக்கப்பட்ட பிரதியில் இடம்பெற்றுள்ளதா?"

"இல்லீங்க. ஆனா அந்த ஆளு நிஜமாவே மாட்டிக்கிட்டாரு!"

"துயரம் நிஜமாயிருப்பது தகுதிக் குறைவு ஆகாது" என்று திருப்புளியைப் பறிமுதல் செய்தார்.

ஃபுல்ஜான்ஸ் என் காதைக் கடித்தார். "உனக்குப் புண்ணியமாப் போகும் ஓடில், சும்மா இரு. மானியம் கைக்கு வர்ற நேரம்."

"யோவ் ஃபுல்ஜான்ஸ்! வெளியில வந்தேன், உன்னைத் தூக்கி இதுக்குள்ள போடலைன்னா என் பேரு ஒனொரே இல்ல!"

ஆய்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "துயரம் பரிபூரண திருப்தி. ஆனால் தனிமை... அவர் அலறுவதை நாம் இத்தனை பேர் கேட்கிறோமே. அவர் எப்படித் தனியர் ஆவார்?"

"ஐயோ, அப்ப என்னதான் செய்யறது?" என்றார் ஃபுல்ஜான்ஸ்.

"நாம் அனைவரும் வெளியேறினால் விதிக்குப் பொருந்தும்."

வெளியேறினோம். கடைசியாக வந்த ஆய்வாளர் தெருக்கதவை அறைந்து சாத்திவிட்டு, கொட்டுகிற மழையில் நின்று, "தனிமை முழுமை பெற்றது. மானியம் அங்கீகரிக்கப்படுகிறது!" என்று அறிவித்தார். ஃபுல்ஜான்ஸ் அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

"ஓடில், இப்ப போய் அவனைத் திறந்து விடு."

"தெருக்கதவு தானாப் பூட்டிக்கிச்சு. சாவி உள்ளே ஆணியில தொங்குது, ஐயா."

"என் குடையும் உள்ளே" என்றார் ஆய்வாளர். முதல் தடவையாக அவர் குரலில் மனிதத் துயரம் தெரிந்தது.

அப்போது உள்ளே மரம் பிளக்கிற சத்தம். கழிப்பறைப் பக்கம் தலைதெறிக்க ஓட்டம். அப்புறம் நெடுநேரம் அமைதி. காலடி நிதானமாக வாசல் கூடத்துக்கு வந்தது. ஆய்வாளருக்காக நான் அங்கே பரப்பி வைத்திருந்த சீஸுக்குப் பக்கத்தில் நின்றது. வைன் புட்டியின் மூடி டப்பென்று கழன்றது.

"ஒனொரே, கண்ணு, கதவைத் திறப்பா!" என்று கெஞ்சினார் ஃபுல்ஜான்ஸ். ஆய்வாளர் கதவைத் தட்டினார். மூன்று தடவை.

உள்ளே மெல்லுகிற சத்தம் நின்றது. கதவுக்கு மிக அருகில், ஒத்திகையில்கூட வராத அழகான குரலில், ஒனொரே சொன்னான்:

"யாருமில்லை."

காலடி திரும்பி சீஸிடமே போனது.

மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு நாங்கள் கைதட்டினோம். முதலில் தட்டியவர் ஆய்வாளர். வெட்கங்கெட்டவள், நானும் தட்டினேன்.