இடது பக்கத்துப் பிடிவாதம்

"அசையுதாங்க?" சமையலறை ஜன்னல் வழியே மனைவி கேட்டாள்.

"அசையும், அசையும்" என்றார் மேனேஜர். அசைந்தது அவருடைய முதுகெலும்புதான்.

ஓய்வு பெற்ற புதிதில் அவர் சமையலறையில்தான் டூட்டி பார்த்தார். வெங்காயம் நறுக்க ஒரு விதி, அடுப்பைக் குறைக்க ஒரு விதி. டப்பாக்களையெல்லாம் அகர வரிசையில் அடுக்கி வைத்ததில், உப்பு எங்கே என்று அவருக்கே தெரியாமல் போயிற்று. நல்லவேளையாகத் தெருமுனை மெக்கானிக் இந்தப் பழைய காரைப் பிடித்துக் கொடுத்தான். மேனேஜர் ஷெட்டுக்குக் குடிபெயர்ந்தார்.

புது டயர் மாட்டக் கழற்றியபோது, வலது பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் சமர்த்தாகக் கழன்று வந்துவிட்டன. இடது பக்கத்து போல்ட்டுகள்தான் துருவேறி, உடும்புப்பிடியாக உட்கார்ந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை கல்யாண நாள். அன்றைக்கு மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊரைச் சுற்றி வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஆபீஸ், ஆபீஸ் என்று இத்தனை வருடம் அவளை எங்கேயும் கூட்டிப் போகவில்லையே என்ற வருத்தம் அவருக்கு நிஜமாகவே இருந்தது.

நாளுக்கொரு தடவை மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

"எண்ணெய் விட்டு ஊறப்போடுங்க சார்."

ஊறப்போட்டார். ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது.

"ஸ்பேனர்ல நீளமா ஒரு குழாயை மாட்டித் திருகுங்க."

மாட்டினார். போல்ட் அப்படியே இருக்க, ஸ்பேனர் வளைந்தது.

"சூடு காட்டிப் பாருங்களேன்."

காட்டினார். டயர் கருகிப் புகை கிளம்பியது. மனைவி ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள். முக்கால்வாசி அவர் தலையில் விழுந்தது.

"அவசரமே இல்லங்க. மெதுவா பண்ணுங்க" என்றாள், துண்டை நீட்டியபடி.

"ஞாயித்துக்கிழமை?"

"அடுத்த வருஷமும் கல்யாண நாள் வரும்ல."

அந்தப் பெருந்தன்மை அவரை உசுப்பிவிட்டது. குழாயின் மேல் ஏறி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு குதித்தார். 'படக்' என்றது. கழன்றுவிட்டது என்று கையைத் தூக்கியவர், போல்ட்டின் தலை மட்டும் துண்டாகி உருண்டு போவதைப் பார்த்தார். தூக்கிய கையால் தலையில் அடித்துக்கொண்டார்.

ஈரத்தோடு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"என்னால ஆகாது. தோத்துட்டேன். காரைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துடறேன்."

"பாவம், ரொம்ப ஆசைப்பட்டீங்களே" என்றாள் மனைவி. குரலில் உண்மையான இரக்கம் இருந்தது.

"பரவாயில்ல. நாளையிலிருந்து உன்கூடவே சமையல்ல ஒத்தாசையா இருக்கேன். இந்த அலமாரியை முதல்ல ஒழுங்கு பண்ணணும்."

கரண்டி அவள் கையிலிருந்து நழுவியது.

"ஐயையோ! என்ன பேச்சு இது? உங்க வாயிலிருந்து தோத்துட்டேன்னு வரலாமா? அத்தனை பெரிய ஆபீஸையே கட்டி ஆண்டவர் நீங்க! ஒரு போல்ட்டுக்குப் போய்... இருங்க, மெக்கானிக்கை நேர்லயே வரச்சொல்றேன்."

மேனேஜர் ஈரச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். தன்மேல் இவளுக்கு இத்தனை நம்பிக்கையா!

மெக்கானிக் வந்தான். சக்கரத்தைத் தட்டினான், குனிந்தான், உச்சுக் கொட்டினான்.

"துரு பலமா இருக்கு சார். ஆனா பாதிக் கிணறு தாண்டிட்டீங்க. அதே பக்கம் இன்னும் நல்லா அழுத்தித் திருகுங்க."

"பார்த்தீங்களா, நான் சொல்லல?" என்றாள் மனைவி. டீ குடிக்க மெக்கானிக்கை உள்ளே கூட்டிப் போனாள்.

மேனேஜருக்குப் புதுத் தெம்பு வந்தது. கை கழுவக் கொல்லைப்புறக் குழாய்க்குப் போனார். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. மெக்கானிக்கின் குரல் தணிந்து கேட்டது.

"சாரைப் பார்த்தா பாவமா இருக்குக்கா. இந்த மாதிரி கார்ல இடது பக்கத்து போல்ட்டையெல்லாம் எதிர்த்திசையில திருப்பினாத்தான் கழலும், இத்தனை நாளா அவர் முறுக்கி முறுக்கி இறுக்கிக்கிட்டுத்தான் இருக்கார்னு இன்னைக்காவது சொல்லிடட்டுமா, இல்ல இன்னும் கொஞ்ச நாள் நீங்க நிம்மதியா சமைக்கிறீங்களா?"