ஆபீஸர் எனக்கு டீ சொன்னார்

நான் நின்றுகொண்டே தூங்குவேன். நடந்துகொண்டும் தூங்குவேன். என் கல்யாணத்தில் ஐயர் மந்திரம் சொன்ன நேரத்தில் தூங்கி, வீட்டுக்காரர் முழங்கையால் இடித்த பிறகுதான் கழுத்தை நீட்டினேன். இதையெல்லாம் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் ஒரு தூக்கம் இருக்கிறது. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், முப்பது வருஷம் கழித்தும் காது சூடாகிறது.

அப்போது நான் பாவாடை தாவணி கட்டிய சரசு. பொங்கலூர் பக்கம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். பிளஸ் டூ முடித்துவிட்டு, திருப்பூரில் காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்கப் பனியனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை இருக்கிறதா, நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளைப் பனியனையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது? மேலே பஞ்சுத் தூசி மார்கழிப் பனி மாதிரி மிதந்து மிதந்து இறங்கும். சாயங்காலம் நாங்கள் வெளியே வரும்போது எல்லோர் தலையும் நரைத்திருக்கும்.

எங்கள் ஊருக்கு ஒரு கவர்மெண்ட் பஸ் வந்துகொண்டிருந்தது. காலையில் ஒரு ட்ரிப், சாயங்காலம் ஆறரைக்கு ஒரு ட்ரிப். ஒரு நாள் சாயங்கால ட்ரிப்பை நிறுத்திவிட்டார்கள். கேட்டதற்கு, நஷ்டம், சிக்கனம், மேலிடத்து உத்தரவு என்றார்கள். சிக்கனம் என்ற சொல் அந்த வருஷம் எங்கள் ஊருக்குள் அடிக்கடி வந்து போனது. பஸ்ஸைவிட அதுதான் ஒழுங்காக வந்தது. தெருவிளக்கு கம்பம் விட்டுக் கம்பம் எரிந்தது. மாற்றலாகிப் போன வாத்தியாருக்குப் பதில் ஆள் வரவில்லை, அஞ்சு வகுப்புக்கும் சேர்த்து ஒரே டீச்சர் ஒரே வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் பஸ் விஷயத்தில் அவர்கள் செய்த சிக்கனம்தான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. காலையில் எங்களை ஏற்றிக்கொண்டு போய் ஊரை விட்டு வெளியே விடுவார்கள். திரும்பக் கொண்டுவர மாட்டார்கள். (கணக்குப் போட்டவர் வீட்டில் யாரும் சாயங்காலம் வீடு திரும்புவதில்லை போலிருக்கிறது.)

அதனால் வேறு பஸ் பிடித்து மெயின் ரோட்டில் இறங்கி, அங்கிருந்து உள்ளே ஒரு மணி நேரம் நடை. நானும் பக்கத்து வீட்டு மேரியும் இன்னும் நாலைந்து பெண்களும் சேர்ந்து வருவோம். மேரி முன்னால் நடப்பாள். நான் அவள் தாவணி முந்தியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். இரண்டு பக்கமும் சோளக்காடு சரசரக்கும். காலுக்குக் கீழே ரோடு தானாக ஓடும். எங்கேயோ பம்புசெட் ஓடுகிற சத்தம் தாலாட்டு மாதிரி வரும். வீடு வரும்போது மேரி முந்தியை வெடுக்கென்று இழுப்பாள், நான் விழித்துக்கொள்வேன்.

மேரியின் அப்பா அந்தோணி மாமாவுக்கு இந்த இருட்டு நடை பிடிக்கவே இல்லை.

"பொட்டப் புள்ளைங்க இருட்டுல நடந்து வாரது சரிப்படாது. அமாவாசை வரைக்கும் பாப்பேன். பஸ்ஸு வந்தா வேலைக்குப் போ. இல்லாட்டி ஊட்டுல இரு" என்று சொல்லிவிட்டார்.

மேரி அழுதாள். செக்கிங்கிலிருந்து அவளை அப்போதுதான் தையல் மெஷினில் உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து மெஷினில் உட்கார்ந்த முதல் பெண் அவள். அந்த மெஷினைப் பற்றிப் பேசும்போது, புது மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல அவள் குரல் இறங்கிவிடும்.

பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருந்த நாச்சிமுத்து அண்ணன்தான் மனு கொடுக்கலாம் என்றார். எழுதியது நான். பஸ் ஆபீஸுக்குப் போய்ப் பேசவும் நானே போக வேண்டும் என்று அவரே முடிவும் கட்டினார்.

"நம்ம சரசு பேசுனா, நீட்டிப் படுத்துக் கெடக்கற பொணங்கூட எந்திரிச்சு உக்காருமுங்க" என்றார்.

மாநாட்டில் பேசப் போகிறவள் போல நான் தலையை நிமிர்த்திக்கொண்டேன்.

ஆபீஸுக்குப் போகிற நாளுக்கு முந்தின ராத்திரி, ஷிப்மெண்ட் சரக்கு அனுப்ப வேண்டும் என்று கம்பெனியில் நேரம் இழுத்துவிட்டார்கள். நடந்து வந்து சேர்ந்து, படுத்த மாதிரியும் இருந்தது, எழுந்த மாதிரியும் இருந்தது. அம்மா தலை பின்னிவிட்டபோதே இரண்டு தடவை முன்னால் சாய்ந்தேன். காலை பஸ்ஸில் போய் ஆபீஸில் இறங்கினேன். வாசலில் இருந்த உதவியாளர் மனுவை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "ஆபீஸரு வரட்டும். கூப்புடுவாங்க, உக்காரம்மா" என்று பெஞ்சைக் காட்டினார்.

அது வழவழவென்று தேய்ந்த பெஞ்சு. தலைக்கு மேல் ஒரு மின்விசிறி டொக், டொக் என்று சுற்றியது. ஜன்னல் வழியாக வேப்பமரக் காற்று வந்தது. காத்திருந்தேன்.

கூப்பிட்டார்கள்.

உள்ளே போனதும் ஆபீஸர் எழுந்து நின்றார். "வா கண்ணு, உக்காரு" என்றார். குரல் அப்படியே எங்கள் தாய்மாமா குரல். டீ சொன்னார். நான் பேச ஆரம்பித்தேன். அப்படி ஒரு பேச்சு! தர்மாஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போகிற கிழவிகள் திரும்பி வர முடியாததைச் சொன்னேன். பள்ளிக்கூடம் முடிந்து பிள்ளைகள் நடந்தே வருவதைச் சொன்னேன். மேரியின் மெஷினைச் சொன்னேன். "போற பாதைக்குச் செலவு பண்ணிட்டு வார பாதையில மிச்சம் புடிக்கலாமுங்களா?" என்று கேட்டேன். ஆபீஸர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தப்புத்தான் கண்ணு. வர்ற வெள்ளிக்கெழமையில இருந்து ஆறரை ட்ரிப்பு வந்துரும். ஒண்ணு போதுமா, ரெண்டு உடட்டுமா?" என்றார்.

"ஒண்ணு போதுமுங்க" என்றேன். (பேராசை கூடாது.)

அப்புறம் யாரோ தோளருகில் நின்று பெஞ்சைத் தட்டினார்கள். உதவியாளர். "ஏம்மா, ஆபீஸ் பூட்டோணும். கெளம்பு" என்றார். எப்போது வெளியே வந்து திரும்பப் பெஞ்சில் உட்கார்ந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. மனசு நிறைந்து போனதால் வந்த மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் ஒரு வார்த்தை உறுதிப்படுத்திக்கொள்ளலாமே என்று, "வந்துருமுங்களா?" என்று கேட்டேன்.

"வரும், வரும். எல்லாம் வரும்" என்றார். பதில் கடிதத்தைச் சொன்னார் என்று இப்போது தெரிகிறது.

ஊருக்கு வந்து சொன்னேன். நாச்சிமுத்து அண்ணன் டீக்கிளாஸைக் கீழே போட்டுவிட்டார். ஆபீஸர் எழுந்து நின்றதை நான் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. டீ சொன்னதை இன்னும் அதிகம். சொல்லச் சொல்ல டீயோடு ஒரு வடையும் சேர்ந்துகொண்டது. (அது மட்டும் என் சொந்தச் சேர்க்கை.)

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டாப்பில் ஊரே நின்றது. வேப்பமரத்தில் இரண்டு வாழை மரம் கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள். நாச்சிமுத்து அண்ணன் பெரிய அண்டாவில் சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தார். எங்கள் அம்மா கையில் ஆரத்தித் தட்டு. அந்தோணி மாமா வெள்ளை வேட்டி சட்டையில், ஆள் உயரச் செவ்வந்தி மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். தப்பட்டைக்காரர்கள் தீ மூட்டித் தப்பட்டையைக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். பனியன் கம்பெனிப் பெண்கள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தோம். மேரி என் கையை விடவே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களுக்குத் தெளிக்க என் கையில் பன்னீர்ச் சொம்பு.

ஆறரை ஆனது. வெயில் சோளக்கதிர் நுனியில் மஞ்சளாக நின்றது. எல்லோரும் ஒரே திசையைப் பார்த்தார்கள். அந்த அமைதியில், அந்த மஞ்சளில், எனக்குக் கொஞ்சம் கண் சொக்கியது. சொக்கியதும் ஆபீஸரின் அறை பளிச்சென்று திரும்ப வந்தது. ஆபீஸர் தெரிந்தார். மேசை தெரிந்தது. மேசைக்கு அடியில் கட்டியிருந்த எங்கள் வீட்டு எருமைக் கன்றுக்குட்டியும் தெரிந்தது. அது என் மனுவை மென்றுகொண்டிருந்தது.

சட்டென்று கண்ணைத் திறந்தேன்.

எருமைக் கன்று எப்படி ஆபீஸுக்குள் வந்தது என்று எத்தனை விதமாகவோ யோசித்துப் பார்த்தேன். நியாயமான வழி ஒன்றும் தென்படவில்லை. மேரியிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"பஸ்ஸு! பஸ்ஸு!" என்று யாரோ கத்தினார்கள்.

தூரத்தில் புழுதி. புழுதிக்குள் நிஜமான கவர்மெண்ட் பஸ். அந்த ஒரு விநாடி, அப்படியானால் கன்றுக்குட்டியும் நிஜம்தானோ என்று நினைத்தேன்.

தப்பட்டை அதிர்ந்தது. பஸ் நின்றதும் அந்தோணி மாமா டிரைவர் கழுத்தில் மாலையைப் போட்டார். அம்மா ஆரத்தி சுற்றினாள். நாச்சிமுத்து அண்ணன் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி முன்சக்கரத்தருகே உடைத்தார். ஜன்னலுக்கு ஜன்னல் வாழையிலையில் பொங்கல் போனது. பஸ்ஸுக்குள் நிறைய ஜனம் இருந்தது. எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள், ஆனால் பொங்கலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

டிரைவர் மாலைக்கு மேல் கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு, "ஏனுங்க, இந்த ஊர்ல இன்னிக்கு என்னுங்க நோம்பி?" என்று கேட்டார். (எங்கள் பக்கம் திருவிழாவுக்கு அதுதான் பெயர்.)

நாச்சிமுத்து அண்ணன் கும்பிட்டபடி, "நீங்கதானுங்க நோம்பி!" என்றார்.

"இல்லீங்க, மெயின் ரோட்டுல ஒரு லாரி கவுந்து கெடக்குது. இந்தப் பக்கம் சுத்திட்டுப் போகச் சொன்னாங்க. இது தாராபுரம் வண்டிங்க. எந்தப் பக்கம் திரும்போணும்?"

தப்பட்டை ஒவ்வொன்றாக நின்றது. ஊரின் கண் முழுவதும் மெதுவாக என் பக்கம் திரும்பியது. கடைசியாக அந்தோணி மாமாவும் திரும்பினார்.

"சரசு, அந்த ஆபீஸரு என்ன கண்ணு சொன்னாரு?"

"நான் ஆபீஸரப் பாக்கவே இல்லீங்க மாமா. பெஞ்சுல தூங்கிட்டனுங்க. எல்லாம் கனாவுங்க."

யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ்ஸுக்குள் ஒரு குழந்தை மட்டும் இன்னும் கொஞ்சம் பொங்கல் கேட்டது. நான் பன்னீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன். அப்போதுதான் மேரி, அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மேரி, சத்தம் போட்டாள்.

"அவ தூங்காம என்னங்கப்பா பண்ணுவா? ராத்திரி வேல முடிச்சு, இருட்டுல நடந்து வந்து, விடியறதுக்குள்ள எந்திரிச்சுப் போனா. சாங்கால பஸ்ஸ நிறுத்தாம இருந்திருந்தா அவ ஏன் தூங்கப் போறா?"

அந்தோணி மாமா என்னை ஒரு முறை பார்த்தார். என் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்து ஊதிவிட்டார்.

டிரைவர் மாலையைக் கழற்றப் போனார். மாமா தடுத்துவிட்டார். "போட்டது போட்டதுதானுங்க. அப்படியே போங்க." டிரைவர் கியரைப் போட்டுவிட்டுச் சொன்னார்: "மாலை போட்டதுக்காவச் சொல்றனுங்க. ஒத்தப் புள்ளைய அனுப்பாதீங்க. எல்லாரும் சேந்து போங்க. ஒருத்தரு தூங்கினா இன்னொருத்தரு முழிச்சிருப்பாங்க."

போனோம். மறு வாரமே. அந்தோணி மாமா முன்னால் நடக்க, பெண்கள் ஒரு கூட்டமாகப் போய் அதே பெஞ்சில் இடம் போதாமல் தரையிலும் உட்கார்ந்தோம். நான் மட்டும் தூங்காமல் இருக்க என்னை நிற்க வைத்திருந்தார்கள். (சுவரில் சாய்ந்து கொஞ்சம் தூங்கினேன். யாரும் பார்க்கவில்லை.) நிஜ ஆபீஸர் எழுந்திருக்கவும் இல்லை, டீயும் சொல்லவில்லை. "மேல எழுதறேன்" என்றார். நாங்கள் மறுபடியும் போனோம். அதற்கப்புறமும் போனோம். அமாவாசை வந்தது, போனது. மாமா அந்தக் கெடுவைப் பற்றி வாயே திறக்கவில்லை. மேரி மெஷினிலேயே இருந்தாள். நாலைந்து மாதம் கழித்து, வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஆறரை ட்ரிப் வந்தது. அதே மாதம், வாரா வாரம் வந்துகொண்டிருந்த தடுப்பூசி நர்ஸ் இனிமேல் மாதம் ஒரு முறைதான் வருவார் என்றார்கள். ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் வாங்கிக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டோம். சிக்கனம் என்றார்கள். அதற்கும் ஒரு மனு எழுதினேன்.

அந்த மாலை போட்ட டிரைவர் சும்மா இருக்கவில்லை. டெப்போ முழுக்கக் கதையைச் சொல்லிவிட்டார். எங்கள் ஊர்ப் பெயர் பலகையில் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் இன்று வரைக்கும் கண்டக்டர்கள், "நோம்பி ஸ்டாப்பெல்லாம் எறங்கு!" என்றுதான் குரல் கொடுக்கிறார்கள்.

பஸ்ஸுக்குப் புதிதாக யாராவது வந்தால், "இந்த ஊர்ல அப்படி என்னுங்க நோம்பி?" என்று கட்டாயம் கேட்பார்கள். உடனே என் மகள், மேரி, மேரியின் பேத்தி, கண்டக்டர் எல்லோரும் என் முகத்தையே பார்ப்பார்கள். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வேன். முதல் இரண்டு நிமிஷம் அது நடிப்புத்தான்.