மாட்டைத் தள்ளிய பேராசிரியர்

முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த ஒருவன், சாணத்தின் மீது அமர்ந்தவாறு வருங்கால மருமகளை அண்ணாந்து பார்ப்பது முறையன்று. நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். உறவினர்கள் இதைப் பலவாறாகத் திரித்துவிட்டதால், திருத்திய வடிவத்தை நானே எழுதிவைப்பது நல்லது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மகன் ரகுவுக்குப் பெண் பார்க்க மந்தைவெளிக்குச் சென்றிருந்தோம். முந்தைய ஏழு இடங்களிலும் "பார்க்கலாம்" என்று மட்டுமே சொன்ன பிள்ளை, இந்தப் பெண்ணின் புகைப்படம் வந்த நாள்முதல் தினமும் சவரம் செய்துகொண்டிருந்தான்.

"இந்த இடத்தையாவது கெடுக்காம இருங்கோ," என்று என் மனைவி கமலா காரிலேயே எச்சரித்தாள்.

பெண் காயத்ரி, விலங்கியல் முதுகலை. பாடச் சொல்வது வழக்கம். நான் வினாத் தொடுத்தேன்.

"உயிரியலுக்கென்று சொந்தமாக விதி ஏதேனும் உண்டா அம்மா? எல்லாம் அணுக்கள். அணுக்களுக்கான விதிகள் எங்கள் துறையில் இருக்கின்றன. உங்களிடம் இருப்பது வெறும் பட்டியல்."

"அணுவெல்லாம் உங்க விதிப்படிதான் நடக்கும் மாமா. ஆனா எந்தப் பிராணி பிழைச்சுக் குட்டி போடும்னு அதை மட்டும் வச்சுண்டு சொல்ல முடியுமா? அதுக்கு இயற்கைத் தேர்வு வேணும். அது எங்களோடது."

"விதியென்றால் விலக்கே இருக்கக் கூடாது!" என்று வகுப்பறைக் குரலில் முழங்கினேன். பெண்ணின் தகப்பனார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரகு மின்விசிறியை ஆராய்ந்தான். (அது ஓடவேயில்லை.)

நாலரைக்கு ராகு காலம். அதற்குள் கிளம்பியாக வேண்டும் என்றாள் கமலா. (நான் அதை நம்புவதில்லை, மீறியதுமில்லை.) வாசலுக்கு வந்தால், எங்கள் காருக்கு முன்னால் சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பசு நின்றது. மணி நாலு இருபத்தைந்து.

நான் மேல்துண்டை இடுப்பில் கட்டினேன். "இதுவும் நிறையுள்ள ஒரு பொருள்தான். போதிய விசை செலுத்தினால் நகர்ந்தே தீரும்," என்று காயத்ரிக்குக் கேட்கும்படி அறிவித்து, பசுவின் விலாவில் இரு கைகளையும் ஊன்றித் தள்ளினேன். பசு அசை போட்டது. தோளையும் கொடுத்தேன்.

சைக்கிளில் வந்த பால்காரர் காலை ஊன்றி நின்றார். "இன்னா சார், மாட்டப் புட்சி தள்ளிக்கினு கீற? அது இன்னா ரிப்பேரான ஆட்டோவா?"

"உராய்வு அதிகமாக இருக்கிறது," என்றேன்.

"உராய்வுலாம் இல்ல சார். அதுக்கு இஷ்டம் இல்ல."

காயத்ரி உள்ளே போய் ஒரு வாளியோடு வந்தாள். அரிசி களைந்த கழுநீர். சற்றுத் தள்ளி நின்று, வாளியின் பிடியை ஒருமுறை 'டங்'கென்று தட்டினாள். பசு காதைத் திருப்பியது. மறுகணம் அவளை நோக்கி விறுவிறுவென்று நடந்தது.

என் முழு எடையும் அந்தப் பசுவின் மீது சாய்ந்திருந்ததை அது பொருட்படுத்தவில்லை. சற்று முன் அது விட்டுச்சென்றிருந்ததன் மீது நான் அமர்ந்தேன். கண்ணாடி ஒரு காதில் தொங்கியது.

காயத்ரி சிரிக்கவில்லை. "அது வந்தது என் சப்ஜெக்ட். நீங்க விழுந்தது உங்க சப்ஜெக்ட் மாமா," என்றாள். பால்காரர்தான் சைக்கிளைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

ஊருலகில் பிள்ளை வீட்டார்தான், "கலந்து பேசிச் சொல்லியனுப்புகிறோம்" என்பார்கள். அன்று பெண்ணின் தகப்பனார் அதைச் சொல்லிக் கதவைச் சாத்தினார். பதினோரு நாட்கள் தகவலில்லை. ரகு என்னோடு பேசவில்லை. கமலா பேசினாள், அது அதைவிடக் கொடுமை. பன்னிரண்டாம் நாள் தொலைபேசி மணி அடித்தது; பெண்ணின் தகப்பனார்.

"காயத்ரிக்குச் சம்மதம். உங்களுக்கு அடி ஒண்ணும் பலமில்லையே?"

இன்று வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஏதாவது விவாதத்தில் பிடிவாதமாக நாற்காலியை விட்டு நான் எழ மறுத்தால், காயத்ரி வாதிடுவதில்லை; கூப்பிடுவதுமில்லை. சமையலறையில் நின்று, டவராவில் டம்ளரை ஒருமுறை தட்டுவாள்.

நான் எழுந்துவிடுகிறேன். "தாத்தா நகர்ந்துட்டார்! யாரும் தொடலை!" என்று பேத்தி வீடு முழுவதும் அறிவிக்கிறாள்.