ஐந்து கிராம் உப்புப் போர்

வாழ்க, நல்லூர்வாழ் கத்தரிக்கோல் வேந்தன்! நூறு அடுக்குத் துணியை நூலளவும் பிசகாமல் பிளப்பவன், வெட்டுமேசைத் தலைவன், கட்டிங் மாஸ்டர் கியாசுதீன் வாழ்க! அவன் ஆற்றிய அரும்போரை உரைக்கப் புகுந்தோம்; பனியன் கம்பெனித் தையல் எந்திரங்காள், சற்றே ஓசையடங்கிக் கேட்பீராக!

இம்மாவீரனின் தமையன் சென்ற ஆண்டு இரைப்பைப் புற்றால் மாண்டான். எனவே தம்பியின் வயிற்றையும் ஐயத்தோடு நோக்கிய மருத்துவர், "உப்பும் உப்பில் ஊறியவையும் மிகுந்தால் அந்நோய்க்கான வாய்ப்பு கூடும். நாளொன்றுக்கு ஐந்து கிராமைத் தாண்டாதீர். ஊறுகாயும் கருவாடும் கூடவே கூடாது" என்று ஆணையிட்டார். அவ்வாணைக்குக் காவல் நின்றவள் அவன் மனைவி முனவர் பேகம். அதே கம்பெனியின் செக்கிங் பிரிவை ஆள்பவள், ஊசிமுனை ஓட்டையையும் பத்தடி தொலைவில் காணும் கூர்விழியாள். அன்றே அவள் அடுப்பில் உப்பிடுவதை நிறுத்தினாள். வட்டமாக வெட்டிய துணியை நிறுத்துக் கனம் பார்க்கும் கம்பெனியின் குட்டித் தராசில், காலைதோறும் சரியாக ஐந்து கிராம் உப்பை நிறுத்து, அன்றைய முழுப் படியாகப் பொட்டலம் கட்டிக் கணவன் கையில் வைப்பாள்.

அந்தோ! செவ்வாய்க்கிழமை, பத்து மணித் தேநீர் வேளையிலேயே, தட்டைப்பயறுச் சுண்டலின் மீது பொட்டலம் முழுவதையும் கவிழ்த்துத் தீர்த்துவிட்டான் நம் தலைவன். உச்சிப்பொழுதில் வெட்டுமேசையைச் சுற்றி டிபன் பாக்ஸ்கள் திறந்தபோது, அவன் முன் கிடந்தது உப்பற்ற ரசஞ்சோறு. எதிரே, தென்சீமையிலிருந்து பிழைக்க வந்த அயர்னிங் மாஸ்டர் சீனிச்சாமி எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டியைத் திறந்தான். மணம் எழுந்தது, நாவில் வெள்ளம் பெருகிற்று. தமையனின் மெலிந்த முகம் ஒருகணம் நெஞ்சில் வந்து நின்று தடுக்க, அதையும் மீறிப் புட்டியை நோக்கி நீண்டது அந்த வீரக்கரம்.

"ஒரு துண்டுதான பாய், எடுத்துக்கிடுங்க" என்றான் சீனிச்சாமி, வரமருளும் தெய்வம்போல.

அக்கணமே செக்கிங் மேசையிலிருந்து தராசும் கையுமாகப் புறப்பட்டாள் பேகம். நடந்துவந்து, கைக்கும் புட்டிக்கும் நடுவே அதை ஊன்றினாள். உண்போர் கவளங்கள் வாயருகே நின்றன.

கியாசுதீன் அஞ்சினானா? இல்லை! எழுந்து நின்று, தன் தொழிலின் மறைபொருளையே படைக்கலமாக ஏந்தி முழங்கினான்: "ஏம்மா முனவர், மார்பு அளவுல அரை இஞ்சு முன்னப்பின்ன இருந்தா சரக்கு வாங்கற வெள்ளைக்காரன் பையரே டாலரன்ஸுன்னு விட்டர்றான். டாக்டரு சொன்ன அஞ்சு கிராமுக்கு ஒரு கிராம் டாலரன்ஸ் இருக்காதா?"

ஓவர்லாக் எந்திரம் ஓட்டும் ராமுத்தாய் முதலாகச் சபையோர் அனைவரும் ஆமென்று தலையசைத்தனர். வெற்றித்திருமகள் மாலையோடு கிளம்பிவிட்டாள் என்றே தோன்றிற்று.

"இருக்குதுங்க" என்றாள் பேகம், சற்றும் குரலுயர்த்தாமல். "ஆனா டாலரன்ஸுன்னா பிளஸ் மட்டும்தானுங்களா? மைனஸும் உண்டில்லீங்க? அப்ப நாளையிலிருந்து நாலு கிராம் நிறுக்கறேனுங்க."

தன் வாளாலேயே தன் கை அறுபட்டான் தலைவன். சபை கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், அவனுக்கு மட்டும் கேட்கும்படி அவள் சொன்னாள்: "உங்க அண்ணனுக்கு யாரும் நிறுத்துக் குடுக்கலீங்க. எனக்கு நீங்க வேணுமுங்க."

பிறகு அருகில் அமர்ந்து தன் டிபன் பாக்ஸைத் திறந்தாள். அதிலும் அதே உப்பற்ற ரசஞ்சோறு! இத்தனை நாளும் அதைக் கவனியாத தன் கண்களை நொந்து, ஆசை முறிந்து, ஆனால் அகம் குளிர்ந்து, நீட்டிய கரத்தை மீட்டுக்கொண்டான் கியாசுதீன். சீனிச்சாமியோ புட்டியை மூடித் தன் மடியில் மறைத்துப் போர்க்களம் நீங்கினான். ஆரவாரம் ஓய்ந்தது, அண்டம் அமைதியுற்றது, கட்டிங் வேந்தன் ஒரு பருக்கையும் மிச்சமின்றி உண்டு எழுந்தான்.

மறுநாள் காலை பொட்டலத்தில் நாலு கிராம்தான் இருந்தது.