கணப்படுப்புக்கு நான் போட்ட கையெழுத்து

விருதுநகர் ஜில்லாவில் காதுள்ள எல்லோருக்கும் எங்கள் சத்தம் சாரைத் தெரியும். கல்லூரி ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி. பிள்ளைகள் ஏஐயிடம் கட்டுரை எழுதி வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து மனுஷனுக்கு ஒரே மருந்து: எதையும் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். "வாய் தடுக்குற இடத்துல ஆள் மாட்டிக்கிடுவான்" என்பார். கல்லூரி முதல்வரையே சுற்றறிக்கையை வாசிக்க வைத்தார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த மாப்பிள்ளை, கீழே இருந்த அச்சகத்தின் பெயர்வரை வாசித்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார்.

நான் அவரைக் கேலி செய்வேன். கேலி செய்ய எனக்கு நேரம் நிறைய இருந்தது. கட்டுரை திருத்தும் வேலையையே நான் ஏஐயிடம் தள்ளிவிட்டிருந்தேன். அது தருகிற குறிப்பை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு சரி.

பெற்றோர் கூட்டம் வந்தது. எம். புதுப்பட்டி முனீஸ்வரியின் அப்பா பட்டாசு கம்பெனியில் போர்மேன். மகள் பட்டாசுத் தொழில் பற்றித்தான் எழுதியிருக்கிறாள் என்றதும், "வாசி தாயி, அப்பா கேக்கட்டும்" என்றார் சத்தம் சார். அவள் திருதிருவென்று முழித்தாள். பிறகு வாசித்தாள்.

"குளிர்காலத்தில் தொழிலாளர் நலன் கருதி, வெடிமருந்து அறைதோறும் குளிர்காயக் கணப்படுப்பு அமைத்தல் வேண்டும்." அடியில் இருந்த என் குறிப்பையும் சேர்த்தே வாசித்தாள்: "அருமையான யோசனை. உடனே நடைமுறைப்படுத்தலாம்."

போர்மேன் எழுந்துவிட்டார். "மருந்து அறையில அடுப்பா? இதுக்கு அருமைன்னு வேற போட்டிருக்கீக! தீப்பெட்டியோட வந்தாலே நாங்க வாசல்ல நிப்பாட்டிருவோம். இதைப் படிக்கவா இம்புட்டுத் தூரம் பஸ் ஏத்தி விடுறேன்? கிளம்பு தாயி, படிச்சது போதும்."

முனீஸ்வரி அழுதுவிட்டாள். கையெழுத்துப் போட்ட மகராசன் நான், மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணாச்சி, இருங்க. தப்பு எம்மேல" என்றார் சத்தம் சார். பொய்யே சொல்ல வராத மனுஷன் சொன்ன பொய்! "மிஷினு எழுதி மிஷினே திருத்துனா எம்புட்டு லட்சணமா இருக்கும்னு காட்ட நாந்தான் ஏற்பாடு பண்ணேன். தாயி, நீயே சொல்லு, உங்க அப்பா கம்பெனியில குளுருக்கு என்ன செய்வாக?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அங்கன ஏது சார் குளுரு? மார்கழியிலயும் வேர்க்கும்" என்றாள்.

போர்மேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தார். முனீஸ்வரி இப்போதும் அதே பஸ்ஸில்தான் வருகிறாள்.

கூட்டம் முடிந்து சத்தம் சார் முன்னால் போய் நின்றேன். என் குறிப்பை என்னையே வாசிக்கச் சொல்வார், சொல்லட்டும் என்றுதான் நின்றேன்.

"சாப்பிட்டீகளா சார்?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.