சனி சாரின் வளையம்

பாரிவாக்கத்தில் சனிக்குப் பயப்படாத ஒரே மனிதர் எங்கள் குடியிருப்பின் 'சனி சார்'தான். சனிதான் அவருக்குப் பயந்திருக்க வேண்டும். அப்படி விடாமல் பார்த்தார்.

வானியல் ஆராய்ச்சி, கல்லூரிப் பாடம் என்றே வாழ்ந்தவர். ஓய்வு பெற்றதும் சொந்தமாகத் தொலைநோக்கி செய்ய உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது பிழை. ஒரு டிரம்மின்மேல் கனத்த கண்ணாடியை வைத்து, அதன்மேல் இன்னொன்றை வைத்து, டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி மாதக்கணக்கில் தேய்த்தார். நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். கீழ்வீட்டு கனகம்மா புகாரோடு வந்தார்.

"இன்னா சார், மேல அந்தாளு எப்பப் பாத்தாலும் கரகரன்னு தேச்சிகினே கீறாரு. மாவாட்றாரா, மந்திரம் பண்றாரா?"

நேரில் விசாரித்தேன். தொலைநோக்கிக்குள் வைக்கும் குழி ஆடியைப் பற்றி எனக்கு முழுப் பாடமும் நடத்தப்பட்டது. புகார் முடித்துவைக்கப்பட்டது; கரகரப்பு முடியவில்லை. அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையிலிருந்து அவருடைய தொலைநோக்கிக் குழாய் வந்து இறங்கியபோது, போர்வெல் போடுகிறார்கள் என்று தெருவே மகிழ்ந்தது.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. சனியின் வளையத்தைத் தெருக்காரர்கள் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். மொட்டைமாடிக்கு அனுமதி கொடுத்தேன். ஆள்தான் வரவில்லை.

"நாம அத்தப் பாத்தா அது நம்மளப் பாக்காதா?" என்றார் கனகம்மா. "எங்க ஊட்டுக்காரருக்கு ஏழரை நடந்துகினு கீது. பெயர்ச்சி முடியட்டும்."

பெயர்ச்சிக்கு ஒவ்வொரு பஞ்சாங்கமும் ஒரு தேதி சொன்னது. கனகம்மா முந்தியதை எடுத்துக்கொண்டார். கோயிலில் எள் தீபம் ஏற்றிவிட்டு, தெருவையே திரட்டிக்கொண்டு ஒரு மாலை மாடியேறினார்.

சாரின் முகம் வெளுத்தது. "இந்த வருஷம் வேணாமே! வளையம் நமக்குப் பக்கவாட்டா திரும்பியிருக்கு. வெறும் கோடாத்தான் தெரியும். எப்பவோ ஒருதரம்தான் இப்படி ஆகும்..."

"வௌக்கே ஏத்தியாச்சு, காட்டு சார்!"

வரிசையாகப் பார்த்தார்கள். ஒரு சின்ன உருண்டை, குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு.

"வளையம் எங்க அண்ணாத்தே? அடகுக் கடைல வச்சிட்டியா?" என்றார் கனகம்மாவின் கணவர். மாடியே அதிரச் சிரித்தது. சாரும் சிரித்தார். பிறகு படிக்கட்டு வரை வந்து ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார்: "அடுத்த வருஷம் வாங்க. நல்லாத் தெரியும். கண்டிப்பா வாங்க."

அடுத்த வருடம் வளையம் மெல்லத் திறந்துகொண்டது. அதற்குள் சார் மாரடைப்பில் போய்விட்டார்.

மாடியில் நின்ற குழாயை அகற்றுவது பற்றிச் சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, "ஒருவாட்டி பாத்துட்டு எடுக்கலாம் சார்" என்றவர் கனகம்மாதான். அன்றிரவு மாடியில் வெகுநேரம் தடுமாறிச் சனியைப் பிடித்தேன். அவர் குனிந்தார். நிமிரவே இல்லை.

"மெய்யாலுமே கீது சார்" என்றார் கடைசியில். "அந்த மனுசன் அவ்ளோ சொன்னாரு. நாமதான் சிரிச்சோம்."

நானும் பார்த்தேன். எந்த அலுவலகத்துக்கு என்ன எழுத வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. 'சார், பார்த்துவிட்டோம்' என்று அவருக்குத் தெரிவிக்கத்தான் வழி தெரியவில்லை.